அலமாரியின் பின்பக்கம்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், எதிரில் நின்ற கட்டடத்தின் சுவரைத் தட்டிப் பார்த்ததுதான். கல்லுச் சுவர். விரல் வலித்தது. என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது நிஜ ஊரும்மா. செட்டு இல்ல."

"தெரியும்டி. சும்மா பாத்தேன்."

சும்மா ஒன்றும் பார்க்கவில்லை. சினிமா எடுக்கிற ஊர் என்று சொன்னதிலிருந்து, பாதி ஊராவது பலகையில் செய்து நிறுத்தியிருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. ஆனாலும் என் கால் தரையில் பாவவில்லை. மாடிமேல் மாடியாகத் துணி காய்கிற சந்துகள், கடைவாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தவர்கள், சைக்கிளில் ஒரு முழு ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போன மனிதர் என்று ஒன்றையும் விடவில்லை. அந்தக் கண்ணாடியில் ஒரு நொடி நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். நான் வாயெல்லாம் பல்லாக, என் மகள் துள்ளிக்கொண்டு, என் கணவர் பல்வலிக்காரர் மாதிரி.

எங்கள் ஊரில் நான் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவள். துணியும் பூவும் கொஞ்சம் தெர்மாகோலும் என் கையில் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும், கார் ஷெட்டும் அரண்மனையாக நிற்கும். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. நானே சொன்னாலும் தப்பில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் ஊருக்குப் படம் எடுக்க வந்தது. கதையில் ஒரு கல்யாணம். அவர்கள் கொண்டுவந்த அலங்காரமெல்லாம் லாரியிலேயே நசுங்கிப்போய்விட, விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். நான் மேடை போட்டுக் கொடுத்தேன். அந்தப் படத்தின் கலை இயக்குநர் ஒரு பெண். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். தலைமுடியில் எப்போதும் எங்காவது பெயின்ட் ஒட்டியிருக்கும். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள், நானும் மேடம் என்றேன். அவர் என்னை அக்கா என்றார். கிளம்புகிற அன்று, "அக்கா, எங்க ஊருக்கு வந்து ஒரு செட்டு அலங்காரம் பண்ணிப் பாருங்க. நல்லா வந்துச்சுன்னா என் டீம்லயே சேந்துக்குங்க. ஆனா இங்கேருந்து வந்து போயெல்லாம் முடியாது. குடும்பத்தோட வந்துரணும்," என்றார்.

அதற்குத்தான் இந்தப் பயணம். மூன்று நாள் ஊரைப் பார்ப்பது, ஒரு செட்டு செய்து காட்டுவது, பிறகு முடிவு. வீட்டில் நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். மூன்று பேரும் சரி என்றால்தான் இடம் மாறுவது, ஒருவர் முடியாது என்றாலும் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவது. ஊரைக் கண்ணால் பார்த்த பிறகு யார்தான் முடியாது என்பார்கள் என்று ஒரு திமிர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

என் மகளைப் பற்றிக் கவலையில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்றே பெயர். பஸ் ஏறும் முன்பே அவள் சரி சொல்லிவிட்டாள். என் கணவர்தான் ஆரம்பத்திலிருந்தே பிடி கொடுக்கவில்லை. இவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். எங்கள் ஊரில் எந்த வீட்டில் தண்ணீர் மேலே ஏறவில்லை என்றாலும் முதல் போன் இவருக்குத்தான் வரும். வந்த ஊரில் இவர் நிமிர்ந்து கட்டடங்களைப் பார்க்கவில்லை. குனிந்து கால்வாயைப் பார்த்தார்.

"தண்ணி எங்கேர்ந்து வருதுன்னே தெரியல," என்றார்.

"வருதில்ல? அது போதும்," என்றேன் நான்.

மேடம் எங்களுக்குத் தன் ஆபீஸ் மாடியில் ஒரு அறை கொடுத்திருந்தார். கீழே தச்சுப் பட்டறை. ரம்பத் தூளும் பெயின்டும் கலந்த வாசனை படியேறி வந்து தலையணையில் படுத்திருந்தது. இவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இழுத்து இழுத்து மூச்சு விட்டேன்.

மத்தியானம் மேடம் என்னைப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரை போட்ட மிகப் பெரிய கொட்டகை. உள்ளே நுழைந்தால் இருட்டு. அந்த இருட்டின் நடுவில் ஒரு வீடு. கூரை மட்டும் இல்லை. மற்றபடி கூடம், அதை ஒட்டி ஒரு சமையலறை, வாசல், ஜன்னல் எல்லாம் இருந்தன. சுவரில் ஈரம் படிந்த கறைகூடப் பெயின்டில் செய்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போனால் அத்தனையும் வெறும் பிளைவுட் பலகை, சாய்ந்து விழாமல் கட்டைகளால் முட்டுக்கொடுத்து நின்றது. நான் வாசல் வழியாக உள்ளே போவதும் பின்னால் வந்து பார்ப்பதும் மறுபடி உள்ளே போவதுமாக இருந்தேன். சின்னப் பிள்ளை தோற்றுவிடும்.

"இதுல ஒரு குடும்பம் ரொம்ப வருஷமா இருக்குக்கா," என்றார் மேடம். "புருஷன், பொண்டாட்டி, ஒரு பொண்ணு. நடிக்கிறவங்க உள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே அந்தக் குடும்பம் இங்க இருக்கணும். நாளைக்குக் காலைல கேமராமேன் வந்து பாப்பார். வேணுங்கற சாமான் பக்கத்துக் கிடங்குல இருக்கு, இஷ்டத்துக்கு எடுத்துக்குங்க."

கிடங்கைத் திறந்துவிட்டார்கள். என்ன சொல்வது, உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எல்லாம் வேறு வேறு நேரம் காட்டிக்கொண்டு. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஒரு அடுக்கு. ஒரு பெட்டி நிறைய மூக்குக் கண்ணாடிகள். கால் உடைந்த நாற்காலியும் உடையாத நாற்காலியும் தனித்தனி வரிசை. ஜாடிகள், மிதியடிகள், விளக்குகள், யாரோ பாதி பின்னிவிட்டு வைத்த ஸ்வெட்டர். எங்கள் ஊரில் ஒரு குத்துவிளக்கை இரவல் வாங்க நான் நாலு வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். இங்கே உலகத்தையே அடுக்கிவைத்து எடுத்துக்கொள் என்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலைக்குள் வெளுத்துக்கட்டிவிட்டேன். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் திரை. சமையலறையின் வெளிச்சுவரில் பதித்திருந்த அலமாரியில் பாத்திரங்கள் உயர வரிசையில், ஒவ்வொன்றும் பளபளவென்று. சோபாவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு ஜாடி. வாசலில் நின்று பார்த்தால் கண் எடுக்கத் தோன்றவில்லை. அன்று படுக்கும்போது இவரிடம், "சாமானைக் கட்டத் தயாரா இருங்க," என்று வேறு சொன்னேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கேமராமேன் வந்தார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்கிற அளவுக்குப் பேச்சில் சிக்கனம். வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், பிரமிப்பார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாசல் பக்கமே வரவில்லை. நேராகச் செட்டின் பின்னால் போனார். இரண்டு பேரை அழைத்து அலமாரியின் பின்பலகையைக் கழற்றச் சொன்னார். கழற்றிய இடத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். 

"மேடம், இங்க வாங்க," என்றார்.

மேடம் போய்ப் பார்த்தார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அழுகையா சிரிப்பா என்று புரியாமல் நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பாத்திரங்கள் சாயாமல் இருக்க நான் பின்னால் முட்டுக்கொடுத்த செங்கற்கள். கசக்கித் திணித்த செய்தித்தாள். டப்பாக்களின் முதுகில் ஒட்டியிருந்த கடைச் சீட்டு. அந்தப்பக்கம் சோபாவுக்குப் பின்னால், திரையை மடிப்பு மடிப்பாக நிற்க வைத்த குண்டூசிகள், வரிசை வரிசையாகப் பட்டாளம் போல. ஜாடிகள் இரண்டுக்கும் முன்பக்கம்தான் உண்டு. பின்பக்கம் உடைந்து போயிருந்தது, அதனால்தான் அதைத் திருப்பி வைத்தேன்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. கல்யாண மேடைக்கு ஒரே ஒரு முன்பக்கம்தான். ஜனங்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பின்பக்கம் போகிறவர்கள் சமையல்காரர்களும் கோபித்துக்கொண்ட மாமாக்களும் மட்டும். இத்தனை வருஷத்தில் என் மேடையின் பின்பக்கத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை.

"கேமராவுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாதுக்கா," என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரித்ததற்காக என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது எங்க வேணா போய் உக்காரும். நாளைக்கு அலமாரிக்குள்ள உக்காரப் போவுது. இன்னொண்ணு சொல்லட்டுமா? அழகா இருக்கு. ஆனா யாரும் குடியிருக்கல. நாளைக்குக் காலைல ஷூட்டிங். உங்களால முடியலன்னா சொல்லுங்க, என் ஆளுங்கள வெச்சு நான் பண்ணிக்கறேன். வருத்தம் ஒண்ணும் இல்ல."

"முடியும்," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிஜத்தைச் சொல்கிறேன், அதைவிட அதிகமாகக் கை பரபரத்தது. நாலு பக்கமும் பார்க்கிற ஒரு கண்ணுக்காக ஒரு வீடு! இதுவரை நான் செய்ததெல்லாம் ஒரு பக்கத்து வேலை. அதிலேயே இவ்வளவு பேர் வாங்கினவள் நாலு பக்கமும் செய்தால் எப்படி இருக்கும்? ஜாடிகளைக் கிடங்குக்கே திருப்பி அனுப்பினேன். ஊசி ஊசியாகப் பிடுங்கினேன். மத்தியானத்துக்குள் வீடு மொட்டையாக நின்றது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முதுகும் நன்றாக இருக்கிற சாமானாகப் பார்த்து எடுத்து வந்துவிட்டேன். ஆனால் எதை எங்கே வைப்பது? எங்கே வைத்தாலும் என் கை அதை ஒழுங்காக வைத்தது. நாற்காலியைக் கோணலாகப் போட்டால் அந்தக் கோணலும் அழகாக இருந்து தொலைத்தது. குடியிருக்க ஆள் வேண்டும். அப்போதுதான், ஆள் என்னிடம் இருக்கிறதே என்று உறைத்தது. புருஷன், பொண்டாட்டி, ஒரு பொண்ணு. போன் போட்டேன்.

சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். இவர் பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு முகம் கறுத்து வந்தார்.

"எதுக்கு வரச் சொன்ன?"

"குடியிருக்க."

"எங்க?"

"இங்கதான். வேற ஒண்ணும் பண்ண வேணாம். வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க. வெச்சது வெச்ச இடத்துல இருக்கட்டும்."

"இது என்ன கூத்து?" என்றபடி செருப்பைக் கழற்றி ஒன்றை வாசலிலும் மற்றொன்றை அதற்கு ஒரு முழம் தள்ளியும் விட்டார். எந்த ஊருக்குப் போனாலும் தோளில் தொங்குகிற கருவிப் பையைக் கழற்றி நாற்காலியை நோக்கி வீசினார். பை நாற்காலியில் விழாமல் அதன் காலில் பட்டு, நாற்காலி திரும்பிக்கொண்டது. அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்தார். எங்கள் வீட்டிலும் சோபா இவருக்கு முதுகு சாய்க்கத்தான்.

சில்வண்டு வந்த வேகத்தில் ஜன்னல் வழியாகக் குதித்துச் சுவருக்குப் பின்னால் போய், கதவு வழியாக மறுபடி வந்தாள். "இந்தக் கதவத் தொறந்தா என் ரூமு," என்று ஒரு கதவைத் திறந்தாள். அங்கே கொட்டகையின் இருட்டுதான் இருந்தது. "ரூமு பெருசா இருக்கும்மா!" என்றாள்.

வாங்கி வந்திருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். இவர் கை கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. குனிந்து பார்த்தார். தொட்டிக்குக் கீழே குழாயே இல்லை. இவருக்கு அது தன்னை நேரே பார்த்துத் திட்டியது போல ஆகிவிட்டது.

"பாரு! இதான் உங்க சினிமா. வெறும் குழாய் மூஞ்சிய ஒட்ட வெச்சிருக்கான்," என்று கையை என் துண்டில் துடைத்து, துண்டைக் கதவின் மேல் போட்டார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில்வண்டுதான் ஆரம்பித்தாள். "நான் சரி. அம்மா சரி. அப்பா, நீங்க?"

இவர் ரொட்டித் துண்டை உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு வேணாம்," என்றார்.

"ஏன்?" என்றேன்.

"வேணாம்னா விடேன்."

"காரணம் சொல்லுங்க. தண்ணி, வாசனைன்னு கரடி விடாதீங்க."

இவர் உருட்டிய ரொட்டியைத் தரையில் போட்டார். பிறகு ஒரேயடியாகக் கொட்டிவிட்டார். "நம்ம ஊர்ல நான் கடத்தெருவுக்குப் போனா நாலு பேரு வண்டிய நிறுத்திப் பேசறான். யாரு வீட்டுல தண்ணி வரலன்னாலும் என்னத்தான் தேடறான். இங்க ரெண்டு நாளா சுத்தறேன், ஒருத்தன் என் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கல. இங்க நான் யாரு? சொல்லு. யாரு?"

எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. என் வாய் எப்போதும் கோபத்தின் பக்கம்தான்.

"நான் கல்யாணமாகி உங்க ஊருக்கு வந்தப்ப எனக்காக எவன் வண்டிய நிறுத்தினான்? எனக்கு அங்க யாரத் தெரியும்? இன்னிக்கு வரைக்கும் மேடை போடப் போனா மோட்டார்காரர் சம்சாரம் வந்திருக்காங்கன்னுதான் சொல்றான். நான் ஒரு நாளாவது நான் யாருன்னு உங்ககிட்ட கேட்டிருப்பேனா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க. அது வேற, இது வேற. முடியாதுன்னா முடியாது. நீதானே சட்டம் போட்ட? ஒருத்தர் வேணாம்னா பேச்சே கிடையாதுன்னு."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். தாகம் ஒன்றும் இல்லை. எதையாவது எடுக்கவேண்டும் என்று அலமாரியைத் திறந்து ஒரு டம்ளரை எடுத்தேன். பின்பலகை இல்லாத அலமாரி. டம்ளர்களுக்கு அந்தப்பக்கம் கொட்டகையின் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு இந்த வேலை வேண்டும். எதற்காகவும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. அது இதோ, கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றுவிட்டு, போகிறேன் என்கிறது. கண்ணீர் வந்தது. என் முதுகு அவர்கள் பக்கம் இருந்ததால் துடைக்கவில்லை.

இவர் எழுந்து, "வாம்மா," என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பையை மறந்துவிட்டார். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். தரையெல்லாம் ரொட்டித் தூள். நாற்காலி சுவரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டிருந்தது. கதவின் மேல் ஈரத் துண்டு. பழக்கதோஷத்தில் குனிந்து பையை எடுத்தேன். எடுத்துப் பாதி வழியில் நின்றுவிட்டேன். இந்த வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. இப்போதுதான் ஒரு சண்டை முடிந்திருந்தது. யார் வந்து பார்த்தாலும் தெரியும். பையை எப்படிக் கிடந்ததோ அப்படியே போட்டேன்.

பிறகு செட்டுக்குப் பின்னால் போய், கேமராமேன் முகம் வைத்த இடத்தில் என் முகத்தை வைத்துப் பார்த்தேன். டம்ளர்களுக்கு நடுவே சமையலறை, அதைத் தாண்டிக் கூடம், சோபாவை ஒட்டி இவர் உட்கார்ந்திருந்த இடம். நான் எடுத்த டம்ளர் இருந்த இடம் மட்டும் காலி. அந்த இடைவெளியை அப்படியே விட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்கினேன். இந்தத் தடவை பின்னாலிருந்து அடுக்கினேன். சமையலறைச் சாமான்களின் முதுகில் புகைக்கரி ஏற்றினேன், டப்பாவின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு வைத்தேன். வருத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. வேலையில் இறங்கினால் எனக்கு இப்படித்தான், வெட்கம் கெட்ட சந்தோஷம்.

காலையில் மேடம் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார். யாரும் செட்டுக்குள் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"யாருக்கா இருக்காங்க இங்க?" என்றார்.

கேமராமேன் அலமாரிக்குப் பின்னாலிருந்து, "ம்," என்றார். லைட் போடுகிறவர் என் காதோரம் வந்து, அந்த ஆள் 'ம்' சொல்லி ஆறு மாதமாகிறது, மறுபடி சொல்ல இன்னும் ஆறு மாதமாகும் என்றார்.

இவரும் சில்வண்டும் வந்து சேர்ந்தபோது ஷூட்டிங் தொடங்கியிருந்தது. இவர் பையையும் செருப்பையும் வாங்கிப்போகத்தான் வந்தார். அவை இப்போது படத்துக்குச் சொந்தம், மாலைவரை தொடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், வெறுங்காலோடு, படம் தெரிகிற சின்னத் திரைக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். 

நடிகர் உள்ளே வந்தார். அந்தப் பையை எடுத்து, கிடந்த இடத்திலேயே மறுபடி போட்டார். சோபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். அவர்களுக்குள் என்ன சண்டை என்று எனக்குத் தெரியாது, கதை கேட்க எனக்கு நேரமிருக்கவில்லை. நடிகை எழுந்து சமையலறைக்கு வந்து அலமாரியைத் திறந்தார்.

சின்னத் திரை முழுக்க அவர் முகம். டம்ளர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியில். பின்னால் தூரத்தில், கதையில் அவர் கணவர், மங்கலாக, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு. அவர் முகம் என்ன ஆகிறது என்று அந்தக் கணவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது. கண்ணீர்கூட இல்லை. ஒரு விளக்கை மெதுவாகத் தணித்தால் எப்படியோ அப்படி முகம் அடங்கிப்போனது. அவ்வளவுதான். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

திருப்பித் திருப்பி அதையே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த முகம் வந்து நின்று அடங்கியது. சில்வண்டுகூட வாயைத் திறக்கவில்லை. நான் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தேன். இவர் கண் இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் டீ கொடுத்தார்கள். இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"நேத்து நீ அங்க ரொம்ப நேரம் நின்னியே."

"ஆமா."

"அந்தப் பொண்ணு மாதிரியா நின்ன?"

"நான் அவ்வளவு அழகால்லாம் நிக்கல," என்றேன். "மூக்க வேற உறிஞ்சினேன்."

இவர் சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு அந்தப்பக்கம் போய்விட்டார்.

மாலை காட்சி முடிந்தது. மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். என் தோளில் பெயின்ட் ஒட்டியது. "அடுத்த மாசம் ஒரு பெரிய படம் தொடங்குதுக்கா. முழுக்க வீடுதான். உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். பஸ் ஏறதுக்குள்ள சொல்லிருங்க, இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்," என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது.  நன்றி சொன்னேன். சொல்கிறேன் என்று சொன்னேன். சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது? சட்டம் போட்டவள் நான்தானே.

தளத்தின் உள்ளேயிருந்து தடால் தடால் என்று சத்தம் வந்தது. மறுநாள் அந்த இடம் வேறொரு படத்துக்கு. உடனே பிரித்தாகவேண்டும். உள்ளே போனேன். சமையலறைச் சுவர் ஏற்கெனவே படுத்துவிட்டது. இவர் நடுவில் நின்று, சுத்தியலோடு நின்ற இரண்டு பேரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நேத்துதானே குடி வந்தோம்! அதுக்குள்ள இப்படிப் போட்டு இடிக்கிறீங்களே!"

அவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை, மனிதருக்கு நிஜமாகவே ஆற்றாமை. பழுது பார்த்துப் பார்த்து வருஷக்கணக்காக ஓட வைக்கிறவருக்கு இது எப்படிப் பொறுக்கும்? நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"இதெல்லாம் இப்படித்தாங்க. என் மேடையெல்லாம் மறுநாள் என்ன ஆகுதுன்னு நெனச்சீங்க?"

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"இல்ல. அடுத்தத எப்படிப் போடலாம்னு தோணும்."

கூடத்தின் சுவர் மெதுவாகச் சாய்ந்து புழுதி கிளப்பி விழுந்தது. இப்போது அங்கே வீடே இல்லை. இவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப வேற வீடு பாக்கணும்," என்றார்.

எனக்குப் புரிந்தது. ஆனாலும் இவர் வாயால் கேட்கவேண்டும் என்று இருந்தது. "எதுக்கு?"

"எதுக்கா? நாம மூணு பேரும் இருக்கத்தான். நேத்தே அலமாரிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு பாத்திருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்."

"உங்களுக்கு இங்க யாரையும் தெரியாதே?"

"தெரியாதுதான். பயமாத்தான் இருக்கு," என்றார். "நீ வந்தப்பவும் பயமாத்தானே இருந்திருக்கும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. இவர் முகத்தைப் பார்த்தே அழுதேன், சிரித்துக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சுத்தியல்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சில்வண்டு, "அப்பா சரி சொல்லிட்டாரு!" என்று கொட்டகை அதிரக் கத்தினாள். நான் மேடத்தைத் தேடி ஓடினேன்.

"ஏய், மெதுவாப் போ! ஆணி கெடக்கு!" என்று இவர் பின்னாலிருந்து கத்துவது கேட்டது. காதில் விழுந்தது, ஆனாலும் ஓடினேன்.